குல்மார்க்கில் சறுக்கப் போகிறீர்களா? அன்றன்றைய பனியையும் வானிலையையும் பார்க்கும் முறை

காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகத் திட்டமிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இப்போ அங்கே பனி இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்று சொன்னால் போதும், டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஸ்கீயை, அதாவது காலில் கட்டும் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு மலையில் நிற்கப் போகிறவருக்கு அந்த ஒரு பதில் எதற்கும் உதவாது. எந்த உயரத்தில் பனி, எப்போது பெய்தது, அதன் பிறகு காற்று எந்தப் பக்கம் அடித்தது, வெயில் எத்தனை நாள் காய்ந்தது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அன்றைய நிலவரம். நம் மொழியில் மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் இடுப்பளவு குவிவதும் பனி. அங்கே போனால் அந்தக் கடைசிப் பனிக்குள்ளேயே ஐந்தாறு வகை இருப்பது தெரியும், ஒவ்வொன்றும் காலுக்கடியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

முதலில் உயரங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்ற எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. குல்மார்க் ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். 1998-இல் தொடங்கிய கோண்டோலாவின், அதாவது ரோப்காரின், முதல் கட்டம் உங்களைச் சுமார் 3,050 மீட்டரில் உள்ள கொங்தூரிக்குக் கொண்டுபோகும், 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோள்பட்டைக்கு, ஏறக்குறைய 3,950 மீட்டருக்கு. அதாவது ஓட்டல் வாசலுக்கும் கோண்டோலாவின் கடைசி நிலையத்துக்கும் நடுவே 1,300 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி இறங்கும் என்பது பொதுக்கணக்கு, ஆகவே பகலில் உங்கள் போன் குல்மார்க்கில் 0 டிகிரி என்று காட்டினால் மேலே −8, −9 என்று வைத்துக்கொண்டு உடுத்துங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. குல்மார்க் ஒரு கிண்ணம் போன்ற புல்வெளி. காற்றில்லாத தெளிந்த இரவில் சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று கனத்து இறங்கி, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் போலத் தேங்கிவிடும். "குல்மார்க்கில் நேற்றிரவு −10" என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இந்தத் தேங்கிய குளிர்தான். அந்த மாதிரி விடியலில் கொங்தூரியில் ஊரைவிடக் குளிர் குறைவாகவே இருக்கலாம். அதனால் சரிவின் நிலையைக் கணிக்கக் குறைந்தபட்ச வெப்பநிலையை நம்பாதீர்கள், பகலின் அதிகபட்சத்தை எடுத்து மேல்நோக்கிக் கழித்துப் பாருங்கள்.

சரி, எப்போதிருந்து பார்க்க ஆரம்பிப்பது? போகிற நாளுக்கு நாலைந்து நாள் முன்னாலிருந்து. காஷ்மீரின் குளிர்காலப் பனி நம் பருவமழை மாதிரி விட்டுவிட்டுத் தினம் பெய்வது இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்தத் தாழ்வுகள்தான் அதைக் கொண்டுவருகின்றன. ஒன்று வரும், ஒன்றிரண்டு நாள் கொட்டும், போய்விடும், அடுத்தது வரும்வரை வெயில். காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லை கலான் என்று சொல்வார்கள், அதன்பின் இருபது நாள் சில்லை குர்த், பத்து நாள் சில்லை பச்சா. முதல் நாற்பதில் விழும் பனிதான் நின்று தங்கும். ஆனால் அந்த நாற்பது நாளில் பெரும்பகுதி சொல்லும்படியான பனி இல்லாமல் போகும் ஆண்டும் உண்டு: 2024 ஜனவரியில் குல்மார்க் புல்லும் மண்ணுமாகக் கிடந்தது, 2025-இல் பிப்ரவரிக்கு வைத்திருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆகவே நாள்காட்டியைப் பார்த்து விமான டிக்கெட் போடாதீர்கள். முடிந்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள், அந்தக் கூடுதல் பணம் இங்கே வீண் இல்லை.

இந்த இடையூறுகளைப் பின்தொடர இந்திய வானிலைத் துறையின் ஸ்ரீநகர் மையம் தினமும் தரும் அறிக்கைதான் அடிப்படை. அதைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அவர்களுடைய ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. "கடந்த 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர்" என்று இன்று காலை வந்தால், அதில் பெரும்பகுதி நேற்று மத்தியானமே விழுந்து, நேற்று மாலை வந்த ஆட்கள் அதன் மேல் சறுக்கி முடித்திருக்கவும் கூடும். இரண்டு, செயலிகள் சில சமயம் பனியைச் சொல்லாமல் அது உருகினால் எவ்வளவு தண்ணீர் என்று மில்லிமீட்டரில் சொல்லும். பொதுவாக 1 மில்லிமீட்டர் தண்ணீருக்கு 1 சென்டிமீட்டர் பனி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல குளிரில் விழுந்தால் அதே தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டராகக்கூட உப்பி நிற்கும், பொடிப்பனி என்று எல்லோரும் தேடி அலைவது அதைத்தான். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பத்தில் விழுந்தால் இட்லி மாவு மாதிரி கனத்துப் படியும், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு முழங்காலை முறுக்கிவிடுவது இந்த ஈரப்பனிதான்.

அப்புறம் ஸ்னோ ஃபோர்காஸ்ட், விண்டி மாதிரியான வானிலைத் தளங்களைத் திறவுங்கள். ஸ்னோ ஃபோர்காஸ்ட்டில் குல்மார்க்குக்கு அடிவாரம், நடு, உச்சி என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள், பழக்கதோஷத்தில் அடிவாரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அதிலேயே உறைநிலை உயரமும் இருக்கும், எத்தனை மீட்டருக்கு மேலே போனால் காற்று பூஜ்ய டிகிரிக்குக் கீழே போகிறது என்பது. அது 2,000 என்றால் குல்மார்க்குக்குக் கீழே சாலையில் உள்ள தங்மார்க்கிலிருந்தே பனிதான், 3,000 என்றால் ஊரில் மழையோ சேறோ, கொங்தூரிக்கு மேலேதான் சரியான பனி. விண்டியில் காற்றைப் பார்க்கும்போது தரைமட்டக் காற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். வலப்பக்கம் உயரத்தை மாற்றும் இடத்தில் 600 ஹெக்டோபாஸ்கலுக்கு (hPa, காற்றழுத்த அலகு) போனால் ஏறக்குறைய 4,200 மீட்டர் உயரக் காற்று தெரியும், அஃபர்வத் முகட்டுக்கு அதுதான் பக்கத்து அளவு. இரண்டு வேறு கணிப்பு மாதிரிகளை ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம், ஒன்று 40 சென்டிமீட்டர் என்று சொல்லி மற்றது 8 என்று சொன்னால் அடுத்த நாள் வரை பொறுங்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பனி எவ்வளவு என்று பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் காற்றைப் பார்ப்பதே இல்லை. நானும் முதல் முறை பார்க்கவில்லை. −15 டிகிரி என்று படித்து அதற்குத் தகுந்த கையுறை போட்டுக்கொண்டு இரண்டாம் கட்டத்தில் இறங்கினேன், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று. அந்த இரண்டும் சேர்ந்தால் தோலுக்குத் தெரிகிற குளிர் −26. காலணியை ஸ்கீயோடு பூட்டக் கையுறையைக் கழற்றிய இரண்டு நிமிடத்தில் வலது கையின் மூன்று விரல்கள் மரத்துப்போய்விட்டன. கூட வந்த உள்ளூர் வழிகாட்டி என் கையைத் தன் ஃபெரன் என்ற தொளதொள மேலங்கிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார், அதன் பிறகுதான் உணர்ச்சி திரும்பியது, திரும்பியபோது இருந்த வலியை இன்னும் மறக்கவில்லை. அன்று முதல் வெப்பநிலையை மட்டும் தனியாகப் படிப்பதில்லை, பக்கத்திலேயே காற்றின் வேகத்தையும் எழுதிக்கொள்வேன்.

குளிர் மட்டும் இல்லை. காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டக் கோண்டோலாவை ஓட்ட மாட்டார்கள், வானம் நீலமாக இருந்தாலும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, காற்று பனியை இடம் மாற்றும். முகட்டின் ஒரு பக்கம் சுரண்டி, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் அடைத்துவைக்கும். வானிலிருந்து 20 சென்டிமீட்டர்தான் விழுந்திருக்கும், காற்று மறைவான சரிவில் அது ஒரு மீட்டராகக் குவிந்திருக்கும், அதுவும் பொடியாக இல்லாமல் இறுகிய பலகை மாதிரி. அடியில் பழைய பனி வழுவழுப்பாகவோ சர்க்கரை மணலாகவோ கிடந்தால் இந்தப் பலகை ஓர் ஆளின் எடைக்கே உடைந்து மொத்தமாகக் கிளம்பிவிடும், பனிச்சரிவு என்பது இதுதான். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. துரதிர்ஷ்டவசமாக, நன்றாகச் சறுக்க வரும் சரிவுகளும் அவைதான்.

அதனால் முந்தின நாள் மாலையில் கட்டாயம் தேட வேண்டியது பனிச்சரிவு எச்சரிக்கை. இந்தியாவில் இதைக் கணிப்பது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழுள்ள டிஜிஆர்இ என்ற அமைப்பு, அதை ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் செய்தியாக வெளியிடும். அது இப்படித்தான் இருக்கும்: அடுத்த 24 மணி நேரத்தில் பாரமுல்லா மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேல் நடுத்தர அபாயப் பனிச்சரிவு நிகழக்கூடும். இதைப் படிக்கும்போது குல்மார்க் என்ற பெயரைத் தேடாதீர்கள், பெயர் இருக்காது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் இருக்கிறது, 2,400 மீட்டருக்கு மேல் என்றால் ஊரும் கோண்டோலாவும் அஃபர்வத்தும் எல்லாமே அதற்குள் அடக்கம். "நடுத்தரம்" என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. மார்க் ஷீட்டில் நடுத்தரம் என்றால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிற மாதிரி இதை எடுக்கக் கூடாது. செங்குத்தான, காற்று குவித்த சரிவில் மனிதன் கால் வைத்தால் கிளம்பக்கூடிய நிலை என்று படியுங்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு வற்புறுத்தல் உண்டு. பனி கொட்டுகிற நாளைவிட, கொட்டி முடித்து வானம் தெளிகிற முதல் நாளைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். 2023 ஜனவரி கடைசியில் காஷ்மீரில் கனத்த பனி பெய்தது. அது விட்டபின் பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் பனிச்சரிவு, போலந்திலிருந்து வந்த இருவர் இறந்தார்கள், கூட இருந்த 19 பேரை மீட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்றும் அப்படித்தான், சில நாள் பனிக்குப் பிறகு, குல்மார்க்கின் மேல்சரிவுகளில் ஒரு ரஷ்யர் உயிரிழந்தார். செயலியைத் திறந்தால் அந்த மாதிரி நாளில் சூரியன் படம்தான் இருக்கும். புதுப்பனி, நீல வானம், எல்லோரும் மேலே போகத் துடிப்பார்கள், எனக்கும் துடிக்கும். ஆனால் அந்தச் சூரியன் படத்துக்குப் பின்னால் முந்தைய 48 மணி நேரத்தில் எவ்வளவு விழுந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதைத் திரும்பிப் பார்க்காமல் ரோந்துக் குழுவினர் சோதித்துத் திறக்காத சரிவுக்குப் போகக் கூடாது.

இனி காலை. எழுந்ததும் போனைத் தொடுவதற்கு முன் ஜன்னலுக்குப் போங்கள். அஃபர்வத் தெரிகிறதா, தெரிந்தால் முகட்டிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஏதாவது கிடைமட்டமாகப் பறக்கிறதா என்று பாருங்கள். பறந்தால் அது புகையில்லை, காற்று பனியை அள்ளிக்கொண்டு போகிறது, இரண்டாம் கட்டம் தாமதமாகும், ஒருவேளை திறக்கவே மாட்டார்கள். அடுத்து வெளியே போய் நின்றிருக்கும் வண்டியின் கூரையைப் பாருங்கள், நேற்றிரவு துடைத்துவிட்டிருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஒரு கைப்பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகாமல் உதிர்ந்தால் வறண்ட பொடிப்பனி. உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கிறது. மேலே சொரசொரப்பான பொருக்கு உடைந்து உள்ளே மெத்தென்று இருந்தால் நேற்று வெயிலில் உருகி இரவில் உறைந்திருக்கிறது, அன்று அவசரப்படாமல் பத்து மணிக்கு மேல் சரிவில் இறங்கினால் பொருக்கு இளகி நன்றாக இருக்கும்.

ஸ்ரீநகரில் தங்கிக்கொண்டு காலையில் வருகிறவர்களுக்குச் சாலையும் வானிலை அறிக்கையின் ஒரு பகுதிதான். சுமார் 50 கிலோமீட்டர், அதில் தங்மார்க்குக்கு மேலே உள்ள கடைசி 13 கிலோமீட்டர் ஏற்றம்தான் சிக்கல். பனி பெய்த நாளில் சங்கிலி கட்டிய வண்டியையோ நான்கு சக்கர இயக்க வண்டியையோதான் தங்மார்க்கிலிருந்து மேலே விடுவார்கள். பெரிய பனி நாட்களை மனதில் வைத்திருந்தால் ஊரிலேயே தங்கிவிடுங்கள், சாலையில் கழியும் காலை திரும்பக் கிடைக்காது.

இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்த அறிக்கையும் உங்கள் கைக்கு வராது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், போனை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள், ஊர்ப் புல்வெளிச் சரிவுகளைத் தாண்டப் போவதில்லை என்றால் பனிச்சரிவுக் கணக்கு உங்களுக்குப் பெரிதாகத் தேவையில்லை. அங்கே பார்க்க வேண்டியது வெயிலையும் வெப்பத்தையும்தான்: காலை கெட்டியாக, மதியம் மிருதுவாக, மூன்று மணிக்கு மேல் கஞ்சியாக. முதல் பாடத்துக்குப் பதினொரு மணி நல்ல நேரம்.

மேலே போகிறவர்கள் கொங்தூரியில் இறங்கியதும் ஒரு காரியம் செய்யுங்கள், ரோந்துக் குழுவினரிடம் பேசுங்கள். கோண்டோலாவின் கீழே உள்ள, கிண்ணம் போன்ற முக்கியச் சரிவை அவர்கள் பார்த்து, தேவைப்பட்டால் வெடிவைத்துப் பனியைத் தாங்களே சரித்துவிட்டுத்தான் திறப்பார்கள். அந்தக் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும் சரிவுகளை யாரும் அப்படிச் சோதிப்பதில்லை, கயிறு கட்டியிருக்காது, எச்சரிக்கைப் பலகை இருக்காது, கோண்டோலாவிலிருந்து பத்து நிமிடம் குறுக்கே நடந்தால் நீங்கள் முழுக்க உங்கள் பொறுப்பில் இருக்கிறீர்கள். அங்கே போவதென்றால் உள்ளூர் வழிகாட்டி, புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவும் கம்பி, இந்த நான்கும் இல்லாமல் வேண்டாம், கருவியைப் பயன்படுத்தத் தெரிந்த இன்னொருவரும் கூட இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, அதற்கப்புறம் வேகமாகச் சரிகிறது. கீழே ஊரிலிருந்து யாரும் 15 நிமிடத்தில் வந்து சேர முடியாது.

சறுக்கும்போதும் பனி தானே அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கும். காலடியில் 'வும்ப்' என்று ஓர் அடங்கிய சத்தத்தோடு பனி சற்றே இறங்கினால், ஸ்கீயின் முனையிலிருந்து கண்ணாடி விரிசல் மாதிரிக் கோடு ஓடினால், பக்கத்துச் சரிவில் அன்று காலை சரிந்த புதுத் தடம் தெரிந்தால், காலையில் எந்த எச்சரிக்கையும் வராவிட்டாலும் வந்த வழியே திரும்புங்கள். இந்த மூன்றும் எந்தச் செயலியைவிடவும் நம்பகமானவை.

பார்வைத் தெளிவும் கணக்கில் வர வேண்டும். அஃபர்வத் மேல்பகுதியில் மரமே இல்லை. மேகம் சூழ்ந்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகி மேடு எது பள்ளம் எது என்று தெரியாது, நின்றுகொண்டிருக்கிறோமா நகர்கிறோமா என்றே குழம்பும். பனி கொட்டும் நாளில் கொங்தூரிக்குக் கீழே மரங்களுக்கு நடுவில் சறுக்குவதுதான் நல்லது, மரங்களின் கருமை கண்ணுக்குப் பிடிமானம் கொடுக்கும், காற்றும் அங்கே அடங்கியிருக்கும். என் நல்ல நாட்களில் பல மேலே எதுவும் திறக்காத அந்த மாதிரி நாட்கள்தான்.

பிப்ரவரி பாதிக்கு மேல் போகிறவர்கள் வெயிலைத் தனியாகக் கணக்கிட வேண்டும். குல்மார்க் 34 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஆல்ப்ஸைவிட வெகுவாகத் தெற்கு, அதனால் வெயிலின் உறைப்பு அதிகம். கோண்டோலாப் பக்கச் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கும் வடகிழக்கும் பார்த்தவை. கிழக்கு பார்த்தவற்றில் காலை வெயில் முதலில் விழுந்து மதியத்துக்குள் பனியைக் கெடுத்துவிடும், வடக்கு நோக்கித் திரும்பிய மடிப்புகளில் பெய்து மூன்று நாள் ஆன பிறகும் பொடி மிச்சமிருக்கும். எங்கே போகலாம் என்று வழிகாட்டியைக் கேட்கும்போது "நல்ல பனி எங்கே?" என்று கேட்காமல் "வெயில் படாத பக்கம் எது?" என்று கேளுங்கள். கண்ணாடியையும் சன்ஸ்கிரீனையும் மேகமூட்டமான நாளிலும் விடாதீர்கள், புதுப்பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் ஒரு சின்ன நோட்டில் ஐந்தே வரி எழுதுங்கள்: ஊரில் அதிகபட்ச வெப்பம், புதுப்பனி எத்தனை சென்டிமீட்டர், முகட்டுக் காற்றின் வேகமும் திசையும், இரண்டாம் கட்டம் எத்தனை மணிக்குத் திறந்தது, எந்தச் சரிவில் பனி எப்படி இருந்தது. பக்கத்திலேயே முந்தின இரவு செயலி என்ன சொன்னது என்பதையும் குறியுங்கள். நான்காவது நாள் வரும்போது எந்தக் கணிப்பு எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, எதில் காற்றைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். ஐந்தாம் நாள் காலை ஜன்னலைத் திறக்கும்போது முகட்டில் அந்த வெள்ளைப் புகை இருக்குமா இருக்காதா என்பது உங்களுக்கு முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருக்கும்.